வர்க்கி அடுப்பில் ஒரு தட்டு கிரனோலா

கோயம்புத்தூர் டாக்டர் என் மனைவியின் இதயக் குழாய்க்குள் ஒரு ஸ்டென்டை வைத்தார். வாயிலிருந்து வனஸ்பதியில் ஊறிய வர்க்கி பிஸ்கட்டைப் பிடுங்கினார். முதலாவதைப் பற்றி அவள் இதுவரை புகார் சொன்னதில்லை.

காலை ஆறு மணிக்கு டீயில் வர்க்கியைத் தோய்த்துத் தின்றே இருபத்தைந்து வருஷம் ஊட்டி காந்தல் பேட்டையின் குளிரைச் சமாளித்தவள். அதற்குப் பதிலாக நான் காய்ச்சிக் கொடுத்த ஓட்ஸ் கஞ்சியை ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏனுங்க, இது குடிக்கறதுக்கா, போஸ்டர் ஒட்டறதுக்கா?" என்று கேட்டாள். மூன்று வாரமாகக் கஞ்சி கிண்ணத்திலேயே ஆறிப்போனது. வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கிவிட்டு, ஒரு நாள் குளியலறை வாசலில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. அவள் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று கதவைத் திறந்து பார்ப்பேன். கண்ணைத் திறக்காமலே, "இருக்கேனுங்க, போங்க" என்பாள். பிறகு, "கடிக்கற மாதிரி ஏதாச்சும் குடுங்க. சத்தமே இல்லாம எப்படீங்க திங்கறது?"

சென்னையிலிருந்து மகள் கிரனோலா செய்முறை வீடியோ ஒன்று அனுப்பினாள். ஓட்ஸ், பாதாம், பூசணி விதை, தேன், கொஞ்சம் எண்ணெய் எல்லாவற்றையும் பிசறி ஓவனில் வைத்தால், மொறுமொறுவென்று கட்டி கட்டியாக வருமாம். வீடியோவில் அதைச் செய்த பெண் கடைசிவரை சிரித்துக்கொண்டே இருந்தாள். அவள் வீட்டில் எல்லோரும் சௌக்கியம் போலிருக்கிறது.

எங்களிடம் ஓவன் இல்லை. வாணலியில் முயன்றேன். தேன் கருகியது, ஓட்ஸ் பச்சையாகவே இருந்தது. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் சாதிக்கத் தனித் திறமை வேண்டும்.

தெருமுனை பேக்கரியில் காலை வர்க்கி வெளியே வந்தபின் விறகடுப்பின் மிச்சச் சூட்டை அக்கம்பக்கத்தாருக்கு விட்டுக்கொடுப்பது வழக்கம். கிறிஸ்துமஸ் சமயத்தில் கேக் தட்டுகள் வரிசையில் நிற்கும். ஜூலை மூடுபனியில் நான் ஒருவன்தான் தட்டோடு நின்றேன்.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னங்க சார், லவ் பேர்ட்ஸ் வளக்கறீங்களா?"

"வீட்டம்மாவுக்குங்க."

அவர் சிரிப்பு நின்றது. "அம்மா கடைப்பக்கமே காணோம்னு பாத்தேன். குடுங்க." நீளக் கட்டைத் துடுப்பால் தட்டை உள்ளே தள்ளினார். "அரை மணி நேரம் அதும்பாட்டுக்கு இருக்கட்டும்."

முப்பது வருஷ அலுவலக வாழ்க்கையில் கோப்புகளை மாதக்கணக்கில் தொடாமல் காத்தவன் நான். அந்தத் தட்டை ஐந்து நிமிஷம் விட்டுவைக்க முடியவில்லை. கதவைத் திறக்கச் சொல்லிக் கிளறினேன். மறுபடி கிளறினேன். நாலாவது தடவை அவர் பொறுமை இழந்தார்.

"ஏனுங்க சார், தொறந்துட்டே இருந்தா சூடு எங்கீங்க நிக்கும்? தேன் கட்டி பிடிக்க வேண்டாமா? இந்தாங்க, இதத் தின்னுட்டு உக்காருங்க." என் கைகளைக் கட்டிப்போட அவர் கண்ட வழி, சூடான வர்க்கி இரண்டு. பதற்றத்தில் தின்றுவிட்டேன். பதற்றத்தில் இவ்வளவு ருசி தெரியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

தட்டில் ஒரு கட்டிகூட இல்லை. பொன்னிறமாக, உதிரி உதிரியாக, கடைக்காரர் சொன்ன பறவைகளுக்கே ஏற்றதாக வந்திருந்தது. ஆறியதும் பனியில் நமுத்துவிடாமல் டப்பாவில் அடைத்து, ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு ஓடினேன்.

அவள் கிண்ணத்தை முகர்ந்தாள். "கடை அடுப்பு வாசமுங்க." பிறகு என் பக்கம் திரும்பினாள். "மீசையத் தொடைங்க."

துடைத்தேன்.

"எத்தன?"

"ரெண்டு."

"நெஞ்சுக்குள்ள ஸ்டென்ட் வெச்சுக்கிட்டவ ஊட்டுல கெடக்கறேன், அய்யா வர்க்கி தின்னுட்டு வர்றாரு!" சொல்லிக்கொண்டே ஒரு பிடியை வாயில் போட்டாள். கரக் கரக்கென்று கேட்டது.

"கட்டியா வந்திருக்கணும்," என்றேன்.

"கெளறிக்கிட்டே நின்னுருப்பீங்க."

கிண்ணம் காலியானது. மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றாள். நான் துள்ளி எழுந்தேன்.

"உக்காருங்க. எனக்குக் காலிருக்குது."

சுவரைப் பிடிக்காமல் சமையலறைக்கு நடந்தாள். பின்னாலேயே போய்விடாதிருக்க நாற்காலிப் பிடியை இறுகப் பற்றிக்கொண்டேன். டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் வர நெடுநேரம் ஆயிற்று. அதுவரை உள்ளே கரக் கரக்.