சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டவர்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் காய்கறிப் பையோடு குரும்பலூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். அரியலூர்ப் பக்கத்து எங்கள் ஊரின் கோயில் உபதேசியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "டீச்சர், உங்க வூட்டுக்குத்தான் கிளம்பினேன். மரியசூசை சாமி போயிட்டாருங்க. நாளைக்கு நம்ம ஊர்லதான் அடக்கம்." பஸ் வந்து நின்று போயேவிட்டது.

மறுநாள் காலை அரியலூரில் இறங்கியபோது கடைவீதிச் சுவரில் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். 'எளிமையின் சிகரமே, எங்கள் ஞானத் தந்தையே' என்று கொட்டை எழுத்து. கீழே வரிசையாகப் பெயர்கள். அத்தனையும் எங்கள் மேலத்தெருப் பெரியவர்களின் பெயர்கள். அவரை மாற்றச் சொல்லி ஆயரிடம் மனு கொடுத்தவர்களும் இவர்கள்தான். அந்தச் சுவர் முன்னால் நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

அவரை அறிந்த எல்லோருக்கும் சொல்கிறேன், மரியசூசை சாமி எளிமையானவரே இல்லை. காபியில் டிகாக்‌ஷன் குறைந்தால் முகம் சுளிப்பார். அங்கிக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்திருக்க வேண்டும், மடிப்பு கலையக் கூடாது. பிடிவாதம் பிடித்தால் ஆயரே வந்தாலும் அசைய மாட்டார். எளிமை என்று சொல்லிவிட்டால் நமக்கு வசதியாக இருக்கிறது. அவர் செய்ததை நாம் செய்ய வேண்டாம், மெச்சினால் போதும்.

எழுபதுகளின் நடுவில் அவர் எங்கள் கோயில் பங்குக்குச் சாமியாராக வந்தார். பங்குப் பள்ளிக்கூடத்தில் நான் அப்போது தமிழ் டீச்சர். அந்த வருடத்துப் பெரிய வியாழனை எங்கள் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்து, அன்று மாலைப் பூசையில் சாமியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். எங்கள் ஊரில் அந்தப் பன்னிரண்டு இடமும் மேலத்தெருக் குடும்பங்களுக்குப் பரம்பரைப் பாத்தியதை. அப்பாவுக்குப் பிறகு மகன் உட்காருவார். புது வேட்டி கட்டி, வீட்டிலேயே காலைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, நகம் வெட்டி, பீடத்துக்கு முன்னால் பெஞ்சில் வந்து உட்காருவார்கள். ஒருவர் பாதத்துக்குப் பவுடர் வேறு போட்டிருந்தார்.

சாமி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, தண்ணீர்ப் பேசினோடு மண்டியிட்டார். பவுடர் போட்ட காலைப் பார்த்தார். "எல்லாத்தையும் வூட்டுலயே முடிச்சுட்டு வந்துட்டீங்களே. எனக்கு இங்க என்ன வேலை?" என்றார். எழுந்தார். பேசினைத் தூக்கிக்கொண்டு கோயிலின் பின்பக்கம் நடந்தார்.

அங்கே தரையில் காலனி ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு எப்போதும் அந்த இடம்தான். பாதிப்பேர் சுண்ணாம்புக்கல் குழியில் வேலை முடிந்து நேரே வந்தவர்கள். முதல் ஆளாக இருந்த சின்னப்பன் காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். "வேணாஞ் சாமி, பாவம் வந்துடும்."

"வந்தா எனக்கு வரட்டும். காலை நீட்டுய்யா."

சுண்ணாம்பில் வெந்து பாளம் பாளமாக வெடித்த பாதம் அது. தண்ணீர் பட்டதும் அவருக்கு எரிந்திருக்க வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டார். பேதுருவும் இப்படித்தான் வேண்டாம் என்றார் என்று வருடா வருடம் பிரசங்கத்தில் கேட்டவர்கள் நாங்கள். அன்றைக்குக் கண்ணால் பார்த்தபோது முன் பெஞ்சில் இருந்த பாதிப்பேர் எழுந்து வெளியே போனார்கள்.

அதற்கடுத்த கோடையில் கிணற்றுத் தகராறு வந்தது. கோயில் வளாகத்துக் கிணற்றில் காலனிப் பெண்கள் கயிற்றைத் தொடக்கூடாது. மேலத்தெருக்காரர்கள் யாராவது மனமிரங்கி இறைத்து ஊற்றினால் உண்டு. நாட்டாண்மை வந்து இந்த வழக்கத்தை விளக்கியபோது சாமி சண்டை போடவில்லை. "கயித்தை அவங்க தொடக்கூடாது, அவ்வளவுதானே? நான் தொடுறேன்" என்றார். மறுநாளிலிருந்து காலைப் பூசை முடிந்ததும் கிணற்றடியில் நின்று அவரே இறைத்தார். முதலில் வந்த குடத்துக்கு முதலில் தண்ணீர், அது எந்தத் தெருக் குடமானாலும் சரி. சாமியாரே இறைக்கும்போது முண்டிக்கொண்டு முன்னால் போக யாருக்கும் துணிச்சல் இல்லை. மேலத்தெருக் குடங்கள் காலனிக் குடங்களுக்குப் பின்னால் நின்று பழகின. மழைக்காலம் தொடங்குவதற்கு முன் ஒருநாள், பாதி இறைத்துக்கொண்டிருந்தவர் கயிற்றை ஒரு காலனிப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவள் இறைத்தாள். மேலத்தெருக் குடங்கள் வரிசை கலையாமல் நின்றன.

ஏன் பாதியில் போனீர்கள் என்று நான் கேட்டேன். "சேவை செய்யுறவன் ஒரு நாள் அங்கேருந்து நகந்துடணும் டீச்சர். நகராம நின்னா அதுவும் ஒரு அதிகாரம்தான்" என்றார். இவரைத்தான் போஸ்டரில் சிகரம் ஆக்கி நிறுத்தியிருக்கிறார்கள்.

கிணற்றில் ஜெயித்தவரால் கல்லறைத் தோட்டத்தில் முடியவில்லை. நடுவில் ஆள் உயரச் சுவர். இந்தப் பக்கம் மேலத்தெரு, அந்தப் பக்கம் காலனி. ஒரே ஞானஸ்நானம், ஒரே நற்கருணை, செத்தபிறகு மட்டும் இரண்டு மண். அந்தச் சுவரை இடிக்க வேண்டும் என்று பிரசங்கத்தில் சொன்னார். ஒரு மாதத்துக்குள் மனு போயிற்று, மாற்றல் வந்தது. ரஞ்சன்குடிப் பக்கம் ஒரு சின்னப் பங்கு. டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றவரிடம், "உங்களுக்குக் கோபமே வரலையா சாமி?" என்று நான் கத்தியேவிட்டேன்.

"வராம என்ன? ஆளுங்க மேல கோவத்தைச் செலவு பண்ணிட்டா செவுத்துக்கு மிச்சம் இருக்காது டீச்சர்."

எனக்கு அந்தப் பதில் அன்று பிடிக்கவில்லை. இன்றும் முழுதாகப் பிடிக்கவில்லை. ஆட்கள் இல்லாமலா சுவர் நிற்கிறது?

போன வருடத் திருவிழாவுக்கு விருந்தாளியாக வந்திருந்தார். உடம்பு தளர்ந்திருந்தது. பூசை முடிந்து கோயில் வாசலில் நாட்டாண்மை, உபதேசியார், நான் எல்லோரும் நிற்கும்போது சொன்னார்: "நான் செத்தா இங்கதான் கொண்டாந்து போடணும். செவுத்துக்கு அந்தப் பக்கம், காலனி ஆளுங்களோட." "ஆகட்டுங்க சாமி" என்று நாட்டாண்மை தலையாட்டினார். உபதேசியார் சாட்சி.

அடக்கத்தன்று நான் போய்ச் சேர்ந்தபோது குழி தயாராக இருந்தது. கல்லறைத் தோட்டத்தில் இல்லை, கோயிலுக்கு முன்னால், கொடிமரத்தடியில். சுற்றிலும் சலவைக்கல் பதிக்க அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் நாட்டாண்மையிடம் போனேன். "சாமி எங்க கேட்டாரு? நீங்க எங்க வெட்டியிருக்கீங்க?"

"பெரியவங்க ஒரு பணிவுக்குச் சொல்றது டீச்சர் அது. அதை அப்படியே செஞ்சா ஊருக்குத்தானே கேவலம்? அவரைப் போயி அங்க போடுறதா?"

புதுப் பங்குசாமியிடம் முறையிட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆயர் வரும் நேரம் என்றார்.

குழி வெட்டியது யார் தெரியுமா? சின்னப்பனும் அவர் மருமகனும். அதற்கு மட்டும் காலனிக்கு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். மண்வெட்டியோடு ஓரமாக நின்றிருந்த சின்னப்பனிடம் போனேன். "எங்ககிட்ட வரேன்னு சொன்ன சாமிங்க. அவருக்கு இங்க குழி வெட்ட எங்களையே கூப்புட்டாங்க பாருங்க" என்றார். சத்தம் போட்டு அழக்கூட இல்லை. ஐந்தாறு பேர் மேடையேறிப் பேசினார்கள். எல்லோரும் தவறாமல் பாதம் கழுவிய கதையைச் சொன்னார்கள். யார் பாதம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஆண்டவர் பணிவுக்காகவா அன்றைக்குத் துண்டைக் கட்டிக்கொண்டார்? செய்து காட்டினார், செய்யுங்கள் என்றார். தலைமை என்றால் இதுதான் என்று நம்பி அதை அப்படியே செய்த ஒரு மனிதரின் கடைசி வார்த்தையை மரியாதை என்ற பெயரில் மண்ணைப் போட்டு மூடிவிட்டோம். உயிரோடு இருந்தபோது அவரைக் காலனியிடமிருந்து பிரிக்க மாற்றல் தேவைப்பட்டது. செத்தபிறகு சலவைக்கல்லே போதுமானதாகிவிட்டது.

அவரிடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது அந்தச் சுவர் மீதுள்ள கோபம். அதை வீணாக்க எனக்கு மனமில்லை. நானும் மேலத்தெருக்காரிதான். சுவருக்கு இந்தப் பக்கம் என் கணவர் அடங்கியிருக்கிறார், அவர் பக்கத்தில் எனக்கென்று ஒரு இடம் காலியாகக் கிடக்கிறது. அந்த இடம் எனக்கு வேண்டாம். என் கணவர் வருத்தப்பட்டால் நான் நேரில் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஊர்க்காரர்களே, நான் செத்தால் என்னை அந்தப் பக்கம் போடுங்கள். பெரியவரின் பணிவுப் பேச்சு என்று தள்ளிவிட நான் பெரியவளும் இல்லை, எனக்குப் பணிவும் கிடையாது.