அழுகை இல்லாத படம்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கடிதம் தவிர வேறெதுவும் எழுதிப் பழக்கமில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவன், நாலு பேர் படிக்கட்டும் என்று எழுத உட்காருவது அதிகப்படியான காரியம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்ல வேண்டிய ஆளிடம் அன்றைக்கே சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டி வந்திராது.

அப்போது மாங்குளத்துக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் நெல் அவிக்கும் வேலையில் இருந்தேன். இரவில் அவித்தால்தான் விடிந்ததும் தளத்தில் பரப்பிக் காயவைக்கலாம். மழை வருமென்றால் அவிப்பு இல்லை. எங்களுக்கு இரவு லீவு கிடைப்பது அப்படித்தான்.

எங்களுடைய முதல் பிள்ளை பிறந்து, முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு இரண்டு நாள் இருக்கையில் காய்ச்சலில் செத்துப்போனது. அந்தச் சடங்கில்தான் பெயர் வைப்பது வழக்கம் என்பதால் அதற்குப் பெயரும் இல்லை. அதன் பிறகு மூன்று மாதம் நானும் மனைவியும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு நினைவூட்டக் கூடாது என்று நான் இருந்தேன். எனக்குத் துக்கமே இல்லை என்று அவள் நினைத்தாள். பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து அவளுடைய தமையனின் கடிதம் வந்தது, தங்கையைக் கூட்டிப்போக வருவதாக.

"உங்களுக்குச் சொல்ல ஒண்டும் இல்லையெண்டால் நான் அண்ணையோடை போறன்," என்றாள். போனால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

தமையன் வருவதற்கு முதல் நாள் மத்தியானமே வானம் கறுத்து, அவிப்பு நின்றது. போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. படத்துக்குக் கூட்டிப்போவோம், பக்கத்தில் இருந்து சிரித்தால் மனம் மாறும் என்று நினைத்தேன்.

"உமக்கு எந்தப் படம் விருப்பம்?"

"எதெண்டாலும் சரி."

வவுனியாவில் ஒரு குடும்பப் படம், கிளிநொச்சியில் ஒரு ராசா படம். சந்தித் தேத்தண்ணிக் கடையில் வவுனியாப் படத்தின் பாட்டுப் புத்தகம் நூலில் தொங்கியது. நின்றபடியே புரட்டினேன். மூன்றாவது பாட்டு தாலாட்டு. மூடிவிட்டேன். ராசா படத்துக்குப் புத்தகம் இல்லை. ஆலை லொறிச் சாரதி கிளிநொச்சிக்கு அரிசி ஏற்றிப் போகும்போதெல்லாம் அங்கே படம் பார்ப்பவர். அவரிடம் போனேன். பிள்ளை சாகிற கட்டம் உண்டா என்று கேட்க நா எழவில்லை.

"அழுகிற கட்டம் இருக்கோ அண்ணை?"

"அழுகையோ? உருவின வாளைக் கடைசி மட்டும் ஒருத்தனும் உறையிலை போடேல்லை. ரெண்டு தரம் பாத்திட்டன். ஏன்ரா தம்பி, மனுசி அழுதால் கண் துடைக்க லேஞ்சி இல்லையோ உன்னட்டை?"

அவருடைய லொறியிலேயே போனோம். எங்களைக் கொட்டகை வாசலில் இறக்கிவிட்டு அவர் மூட்டை இறக்கப் போனார். அந்தக் கொட்டகையில் பெண்களுக்கு ஒரு பக்கம், ஆண்களுக்கு ஒரு பக்கம், நடுவில் கயிறு. அதை நான் யோசிக்கவில்லை. அவள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் இருந்தாள்.

படம் தொடங்கிச் சிறிது நேரத்தில் மந்திரி, ராணியின் மடியிலிருந்து பச்சைக் குழந்தையைப் பிடுங்கி ஆற்றில் விடச் சொன்னான். ராணி கதறினாள். பெண்கள் பக்கம் முழுதும் அழுதது. அதில் எது என் மனைவியின் அழுகை என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. எழுந்து நின்றேன்.

"இரடாப்பா! உன்ரை முதுகைப் பாக்கவோ காசு குடுத்தனாங்கள்?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். நான் இருந்துவிட்டேன்.

ஆற்றில் போன குழந்தையை ஒரு மீனவன் எடுத்தான். ஒரு பாட்டு வந்தது. பாட்டு முடியும்போது குழந்தை வாளோடு நிற்கிற வாலிபன். அப்போதுதான் சாரதி வந்து என் பக்கத்தில் இருந்தார்.

"எப்பவும் மூட்டை இறக்கி வர இந்த இடந்தான். முன்னுக்கு என்ன நடந்தது தம்பி?"

நான் கயிற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்தேன்.

திரும்பும்போது லொறியின் முன் ஆசனத்தில் நான் நடுவில், அவள் கதவோரம்.

"எப்பிடித் தங்கச்சி படம்?" என்றார் சாரதி.

"அந்தப் பிள்ளையை ஒரு பாட்டுக்குள்ளை வளத்துப்போட்டாங்கள் அண்ணை."

"படமெண்டால் அப்பிடித்தானே!" என்று அவர் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றியதும் கேட்டாள்.

"தெரிஞ்சுகொண்டோ கூட்டிக்கொண்டு போனீங்கள்?"

"இல்லை."

இன்னும் ஏதாவது சொல்வேன் என்று நின்றாள். தாலாட்டைக் கண்டு மற்றப் படத்தை விட்டதைச் சொல்லியிருக்கலாம். பிள்ளையைப் புதைத்த இடத்துக்கு நான் வேலை முடிந்து தினமும் போய்வருவதைச் சொல்லியிருக்கலாம். கால் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவள் சீலைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை தமையன் வந்தார். பதினொரு மணி ரயிலில் அவர்கள் யாழ்ப்பாணம் போனார்கள்.