மாடு நின்ற தூரம்

இஞ்ஞாசிமுத்து காட்டுக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. உத்தமபாளையத்தில் அவருடைய படக்கடை வாசலில் நின்றால் மலை முழுசாகத் தெரியும். அதில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. ஆனால் காட்டுமாட்டின் மூக்கு எப்படிப் பளபளக்கும், மிளா மான் மிரண்டால் காதை எப்படித் திருப்பும் என்றெல்லாம் கேட்டால் கண்ணால் கண்டவர் போலச் சொல்வார். எல்லாம் தாளில் பார்த்த பழக்கம். மலைமேல் ஏலத்தோட்டம் வைத்திருந்தவர்களில் சிலர் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கேமராவைத் தூக்க ஆரம்பித்திருந்த காலம் அது. அவர்கள் எடுத்ததையெல்லாம் கழுவி, தாளில் ஏற்றிக் கொடுத்தது இவர்தான்.

கேமராவுக்கு நாடி பார்க்கிறவர் என்று ஊரில் அவரைக் கேலியாகச் சொல்வார்கள். கேலியாகச் சொன்னாலும், புதுக் கேமரா வாங்குகிறவன் அவரிடம் கேட்காமல் வாங்க மாட்டான். பெட்டியைக் காட்டினால் ஏறிட்டும் பார்க்க மாட்டார். "படத்தக் காட்டுங்க" என்பார். ஒருமுறை சென்னையிலிருந்து பெருமையாக ஒரு கேமராவைக் கொண்டுவந்த பெரிய மனிதரிடம், படத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு நல்ல வெத்தலைப்பெட்டி வாங்கியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அவர் கோபித்துக்கொண்டு போனார். ஆனால் ஊர் நம்பியது. முகத்துக்கு அஞ்சி வாக்கு மாற்றாத மனுஷன் என்ற பெயர் அன்றிலிருந்து நிலைத்துவிட்டது. அந்தப் பெயர்தான் பின்னால் வினையாக வந்தது.

முப்பத்தெட்டாம் வருஷம் மாசி மாதம். கூடலூருக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருந்த ஆதித்தன் இரண்டு கேமராக்களைத் தருவித்திருந்தார். ஒன்று கண்ணாடித் தகடு போட்டு எடுக்கும் பெரிய ஸ்டாண்டு கேமரா. இன்னொன்று நீளக் குழாய் வைத்த சின்ன ஜெர்மன் கேமரா, சுருள் பிலிம் போடுவது. இரண்டிலும் காட்டுமாட்டை எடுத்துப் பார்த்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்புவதாக ஏற்பாடு. எதை வைத்துக்கொள்வது என்பதை இஞ்ஞாசிமுத்துதான் சொல்ல வேண்டும்.

தகடுகளையும் பிலிமையும் கொண்டுவந்தவன் பிலவேந்திரன். தோட்டத்தில் தடம் பார்க்கிறவன், கேமரா சுமக்கிறவன். இஞ்ஞாசிமுத்துவின் மனைவி ஜெயமேரிக்கு ஒரே தம்பி. அக்கா போட்ட சோற்றைத் தின்று முடித்துவிட்டு, அவள் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மச்சான், சின்னதுதான் நல்லாருக்குன்னு சொல்லிருங்க."

"படத்தப் பாக்காம நான் எப்படிச் சொல்றது மாப்ள?"

"பெருசுல எடுக்கணும்னா மாட்டுக்கு முப்பது எட்டு நடக்கிற தூரத்துக்குள்ள போகணும். மொதலாளி கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நிக்கிறாக. கண்ணாடியில அவுகளுக்கு மாடு தலைகீழாத் தெரியுது. நேராப் பாக்குறவன் நான் ஒருத்தன்தான். மாடு தலை தூக்கணும்னு என்னைய முன்னால விட்டுச் சீட்டியடிக்கச் சொல்றாக. போன வாரம் மூச்சு விட்டுச்சு பாருங்க, இங்கன வந்து பட்டுச்சு." நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். "சின்னதுன்னா எம்பது எட்டு தள்ளி நின்னே எடுத்துரலாம்."

"பாப்போம்" என்றார் இஞ்ஞாசிமுத்து. தகடுகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கடைக்குக் கரண்டு கிடையாது. இருட்டறைச் சுவரில் ஓர் ஓட்டை. வெளியே கண்ணாடி வைத்து உச்சி வெயிலை அதன் வழியாக உள்ளே திருப்பித்தான் சின்னப் படத்தைப் பெரிதாக்க வேண்டும். பெரிய தகட்டுக்கு அந்தப் பாடில்லை. தாளோடு சேர்த்துச் சட்டத்தில் பூட்டி வெயிலில் வைத்தால் போதும்.

முதலில் தகட்டை வைத்தார். தாளில் ஏறி வந்த மாட்டைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். கண் இமை மயிரைக்கூட எண்ணலாம். வாயோரம் ஒரு புல் தொங்கியது. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு படம் அவர் கையில் பிறந்ததில்லை. அடுத்து சின்னக் கேமராவின் பிலிம். ஒரு பட்ட மரம், பெரிய புல்வெளி, நடுவில் கைவிரல் அகலத்துக்கு மாடு. புல் மணலை அள்ளித் தூவியதுபோல் இருந்தது. நாடி பார்க்கவே வேண்டாம், பெரியதுதான். பச்சைப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

ஆனால் அந்தப் புல் தொங்கிய வாய்க்கு முப்பது எட்டு முன்னால் நின்றவன் யார் என்பதும் அவருக்குத் தெரியும்.

அன்றுதான் இஞ்ஞாசிமுத்து தொழிலில் முதன்முதலாகப் பொய் சொன்னார். தகட்டை மறுபடி வெயிலில் வைத்து, எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்காமல் விட்டார். கறுத்த மாடு அடுப்புக்கரி போல ஆகிவிட்டது. முதல் தாளைக் கிழித்துப் போட்டார். சின்னப் பிலிமுக்குத் தாள் பலகையைப் பின்னால் நகர்த்தி நகர்த்தி, மரமும் புல்வெளியும் வெளியே விழ, மாடு மட்டும் தாள் நிறைய விழும்படி செய்தார். பொரிப்பொரியாக வந்ததை, அம்மைத் தழும்பு விழுந்த கல்யாணப் பெண்ணின் படத்தில் தழும்பை மறைப்பதுபோல, தூரிகையால் இரண்டு நாள் உட்கார்ந்து திருத்தினார். முடிந்ததும் பார்த்தார். ஆளைப் பார்த்து நிற்கிற மாடு. நல்ல பொய். ஒரு நல்லதுக்குத்தானே என்று மனசைத் தட்டிக்கொடுத்தார். அது அடங்கவில்லை.

ஆதித்தன் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். "பெரிய தகடுதான் ஒசத்தின்னு எல்லாரும் சொல்றாகளே, இஞ்ஞாசி?"

"படத்தப் பாருங்க மொதலாளி. அதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

இஞ்ஞாசிமுத்து சொன்னால் சொன்னதுதான். ஸ்டாண்டு கேமரா திரும்பிப் போயிற்று. சேதி கேட்டுப் பிலவேந்திரன் அக்காவுக்கு ஒரு படி ஏலக்காய் கொடுத்தனுப்பினான்.

பங்குனி பிறந்து நாலாம் நாள், அவனைக் கட்டிலில் போட்டு மலையிலிருந்து இறக்கினார்கள். மாடு தொடையில் கொம்பை விட்டுச் சுழற்றியிருந்தது. ஆஸ்பத்திரியில் முட்டிக்கு மேலேயே காலை எடுத்துவிட்டார்கள். தடம் பார்த்துப் பிழைத்தவனுக்குக் கால் போனால் என்ன மிச்சம்? ஜெயமேரி அழுது முடித்துச் செபமாலையைக் கையில் எடுத்தாள். "மாதாவா பாத்து உங்க வாயில சின்னதுன்னு வர வச்சா. பெரிய பெட்டியா இருந்திருந்தா எந்தம்பிய பெட்டியில வச்சுல்ல கொண்டாந்திருப்பாக" என்றாள். இஞ்ஞாசிமுத்துவுக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

கூடப் போயிருந்த தோட்டத்தாள் பிச்சைமணி, நடந்ததை அதற்கு முன்பே ஆஸ்பத்திரி வாசலில் அவரிடம் சொல்லியிருந்தான். மாடு முன்பு நின்ற அதே புல்வெளி. எண்பது எட்டில் நிறுத்திக் கேமராவில் கண்ணை வைத்த ஆதித்தன், "என்னடா, சுண்டெலி கணக்காத் தெரியுது?" என்றாராம். பையிலிருந்து இஞ்ஞாசிமுத்துவின் படத்தை எடுத்து விரித்தாராம். "இதுல தாள் நெறைய நிக்கிது. அன்னிக்கு இன்னும் கிட்ட நின்னுதான் எடுத்திருக்கோம். போ முன்னால." அறுபது எட்டு. நாற்பது. படத்தையும் கேமராவின் பார்வை ஓட்டையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே போனார்களாம். இருபது எட்டில் மாடு திரும்பியது.

இஞ்ஞாசிமுத்து உள்ளே போய்க் கட்டிலருகே நின்றார். பிலவேந்திரன் விழித்துத்தான் இருந்தான்.

"மாப்ள, அந்தப் படம்... மாட்ட மட்டும் வச்சு மத்தத வெளிய தள்ளினது நாந்தான். ஒனக்காகத்தான் செஞ்சேன். பாவி, ஒங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போனேன்."

"தெரியும் மச்சான்."

"பிச்சைமணி சொன்னானா?"

"அங்கனயே தெரியும். மொதலாளி விரிச்சப்பவே பாத்தேன், பட்ட மரத்தக் காணோம். மச்சான் என்னமோ செஞ்சிருக்காகன்னு புரிஞ்சுபோச்சு."

"பெறகு ஏண்டா போன? எம்பதுலதான நின்னோம்னு சொல்ல வேண்டியதுதான?"

"எப்படிச் சொல்ல? அப்பப் படம் பொய்யான்னு கேப்பாகல்ல." பிலவேந்திரன் விட்டத்தைப் பார்த்தான். "எனக்காகச் சொன்ன பொய்யி. நானே காட்டிக்குடுத்தா நல்லாவா இருக்கும்?"

அந்த நேரம் ஜெயமேரி கஞ்சிச் செம்போடு உள்ளே வந்தாள். புருஷன் முகத்தையும் தம்பி முகத்தையும் பார்த்தாள்.

"என்ன ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்தீக?"

"ஒண்ணுமில்லக்கா. கேமராவப் பத்தித்தான்" என்றான் பிலவேந்திரன் அவசரமாக.

அவன் இன்னும் அவருக்காக முன்னால் நின்றுகொண்டிருந்தான். இஞ்ஞாசிமுத்துவுக்கு அது தாங்கவில்லை. அவள் கையிலிருந்த செம்பை வாங்கிக் கீழே வைத்தார்.

"மேரி, இங்கன வந்து உக்காரு" என்றார்.