அடுத்தவள் நெரையில் விழுந்த பந்து

எனக்கு ஓடத் தெரியாது, பந்து பிடிக்கத் தெரியாது. கத்தத் தெரியும். அந்த ஒரு தகுதியைப் பார்த்துத்தான் எங்கள் அதிபர் பெண்பிள்ளைகளின் கரப்பந்து அணியை என் தலையில் கட்டினார். நான் ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் கணித ஆசிரியை. பதுளை டவுனிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவள். தேயிலையைக் கோப்பையில் பார்த்த அளவுக்குச் செடியில் பார்த்ததில்லை.

"விளையாட்டுன்னா வெறும் பந்து இல்ல டீச்சர். பிள்ளைங்க கூடி வேலை செய்யப் பழகணும், பொறுப்பு வரணும்" என்றார் அதிபர். கையோடு ஒரு குண்டையும் போட்டார். வலயப் போட்டியில் ஓர் ஆட்டமாவது வெல்லாவிட்டால், வெள்ளிக்கிழமை விளையாட்டுப் பாடவேளையை எடுத்துக் கணிதத்துக்குக் கொடுத்துவிடுவாராம். கணித ஆசிரியைக்கு இது கொண்டாட்டம் என்று நினைத்தாரோ என்னவோ. அந்தப் பிள்ளைகளின் முகத்தை அவர் பார்க்கவில்லை. பள்ளி விட்டால் தண்ணீர் பிடிக்க வேண்டும், சோறு வடிக்க வேண்டும், தம்பி தங்கையைப் பார்க்க வேண்டும். வாரத்தில் அந்த நாற்பது நிமிடம்தான் அவர்கள் தங்களுக்காக ஓடுவது. அதையும் பிடுங்குவதா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

ரோஷத்தோடு சுண்ணாம்பை எடுத்தேன். மைதானத்தில் எங்கள் பக்கத்தை ஆறு கட்டமாகக் கோடு போட்டுப் பிரித்து, கட்டத்துக்கு ஒருத்தியாக நிறுத்தினேன். "இந்தக் கட்டத்துக்கு நீதான் பொறுப்பு. இதுக்குள்ள பந்து விழுந்தா அடுத்தவளைச் சாட்டக் கூடாது." இதையே கால் மணி நேரம் விதவிதமாகச் சொன்னேன். எங்கள் கோயில் பாதர்கூட அவ்வளவு நேரம் பிரசங்கம் வைக்க மாட்டார்.

பிள்ளைகள் நன்றாகத்தான் கேட்டார்கள். அதுதான் வினை. முதல் பந்து இரண்டு கட்டங்களுக்கு நடுவில், கோட்டின் மேல் வந்தது. இரண்டு பேரும் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். பந்து விழுந்து, உருண்டு, தேயிலைக்குள் போய்விட்டது. அடுத்தது, அணியிலேயே சின்னவளின் கட்டத்தில் ஒரு சாண் உள்ளே வந்தது. பக்கத்தில் நின்ற அணித்தலைவி நெடுநெடுவென்று வளர்ந்தவள். நின்ற இடத்திலிருந்து கையை நீட்டினால் போதும். அவளோ இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏன்டி, கையில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?"

"அது அவ நெரைங்க டீச்சர்" என்றாள் அவள், எனக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற இரக்கத்தோடு.

அப்புறம் ஆறு பேரும் சேர்ந்து எனக்குப் பாடம் எடுத்தார்கள். கொழுந்து பறிக்கும் மலையில் ஆளுக்கொரு தேயிலை வரிசை, அதுதான் நெரை. அடுத்தவள் நெரையில் கை வைத்தால் அது திருட்டு. "எங்கம்மா அஞ்சாறு கொழுந்துக்காக எங்க சித்தியோட ஒரு மாசம் பேசலைங்க டீச்சர்" என்றாள் ஒருத்தி பெருமையாக. நான் பொறுப்பு என்று கோடு போட்டுக் கொடுத்ததை, அவர்கள் தாங்கள் அறிந்த பொறுப்பாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தவளை தன் வாயால் கெட்ட கதைதான். செருப்புக் காலால் கோடுகளையெல்லாம் அழித்தேன். தரையிலிருந்துதான் அழிந்தது. மறுநாளும் அதே இடத்தில் ஒதுங்கி நின்றார்கள்.

வழி சொன்னவள் அந்தச் சின்னவள்தான். "நெரை பிந்தினா மத்தவங்க கை குடுக்க வரலாங்க டீச்சர். ஆனா கூப்பிடணும். கூப்பிடாம வந்தாத்தான் சண்டை."

அட, இது போதுமே. அன்றிலிருந்து பந்து பயிற்சியைவிடக் கூப்பிடும் பயிற்சிதான் அதிகம். "அக்கா வா", "இந்தா கை குடு" என்று மலை அதிர்ந்தது. அணித்தலைவி மட்டும் வாயைத் திறக்கவில்லை. எதையும் தானே செய்து முடிக்கிற வீட்டு மூத்த பிள்ளை. கூப்பிட்டால் மானம் போய்விடும் அவளுக்கு.

போட்டி பதுளையில். எதிரணிப் பிள்ளைகள் முழங்காலுக்கு உறையெல்லாம் போட்டு வந்திருந்தார்கள். முதல் சுற்றில் எங்கள் பிள்ளைகளுக்குப் பயத்தில் குரலே வரவில்லை; தோற்றோம். இடைவேளையில் நான் கத்திய கத்தில் இரண்டாவது சுற்றில் வாயைத் திறந்தார்கள். நடுவர் என்னைப் பார்த்து, "பிள்ளைங்க யாரையோ கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்களே" என்றார். "அதத்தான் சேர் ரெண்டு மாசமா படிச்சோம்" என்றேன். அந்தச் சுற்று எங்களுக்கு.

மூன்றில் இரண்டு சுற்று வென்றால்தான் ஆட்டம் எங்களுக்கு; தோற்றால் போட்டியிலிருந்தே வெளியே. மூன்றாவதில் கடைசிப் புள்ளி. பந்து அணித்தலைவியை நோக்கி வந்தது. அவள் கால் வழுக்கியது. விழுந்துகொண்டே, முதல் முறையாக, "யாராவது வாங்கடி" என்றாள். அவள் கூப்பிட்டாள் என்ற ஆச்சரியத்தில் ஐந்து பேரும் போனார்கள். ஆறு பேரும் ஒரே கட்டத்தில் கும்பலாக விழ, பந்து ஆளில்லாத இடத்தில் சாவகாசமாக இறங்கியது. தோற்றோம்.

திங்கட்கிழமை புது நேரசூசி ஒட்டியிருந்தார்கள். வெள்ளி, கடைசிப் பாடவேளை: கணிதம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுது முடித்ததும் கோபம் வந்தது. கணித ஆசிரியை நான். கணிதத்தை எங்கே நடத்துவது என்பது என் இஷ்டம். வெள்ளிக்கிழமை வகுப்பையே மைதானத்துக்கு இறக்கி வலையைக் கட்டினேன்.

பத்து நிமிடம் ஆகவில்லை, அதிபர் வந்து நின்றார். "இது கணித பாடவேளை. யார் இவங்கள இங்க இறக்கினது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அணித்தலைவி முன்னால் வந்தாள். "நான்தாங்க சேர். டீச்சர் வேணாம்னுதான் சொன்னாங்க."

"இல்லைங்க சேர், நான்" என்றாள் சின்னவள். அப்புறம் மற்ற நாலு பேரும்.

"பொய் சேர். நான்தான் இறக்கினேன்" என்றேன்.

அதிபர் ஆறு பேரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். திரும்பி நாலு அடி நடந்தவர் நின்றார்.

"அடுத்த கிழமை கையில ஒரு கணிதப் புத்தகமாவது வச்சிக்கிட்டு இறங்குங்க டீச்சர். யாராவது வந்து கேட்டா நானும் ஏதாவது சொல்லணுமே."