அடிபட்ட தலையைச் சீவிவிட்டவர்கள்

விபத்து வழக்குப் பேசும் சட்டத்தரணியிடம் கிளார்க் வேலை பார்ப்பதென்றால், காலைத் தேத்தண்ணி வருவதற்கு முன்னமே யாரோ ஒருவருடைய மண்டையின் ஸ்கேன் படம் மேசைக்கு வந்துவிடும்.

நான் மட்டக்களப்பில் இந்த வேலைக்கு வந்து ஒன்றரை வருடத்தில், வாகரை வீதியில் ஒரு டிப்பர் லொறி என் கணவரின் மோட்டார் சைக்கிளை அடித்தது. அன்றிலிருந்து மேசைக்கு இரண்டு பக்கமும் நான்தான். வீட்டில் தலையில் அடிபட்ட ஒருவரை வைத்துக்கொண்டு இதை வாசிக்கிற உங்களுக்கு மேலே விளங்கப்படுத்தத் தேவையில்லை. மகளும் அவரும் படுத்த பிறகுதான் எழுதக் கிடைக்கிறது. இரண்டு பேருக்கும் மூச்சு வருகிறதா என்று இடைக்கிடை எழும்பிப் பார்த்துக்கொண்டு எழுதுகிறேன்.

இஸ்திரி போட்ட சேர்ட்

ஏறாவூரிலிருந்து ஒரு உம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பஸ்ஸிலிருந்து விழுந்து தலை அடிபட்டவன், இருபத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி போட்ட சேர்ட், கத்தரித்த தாடி, அத்தர். மேடம் (எங்கள் சட்டத்தரணியை அப்படித்தான் கூப்பிடுவோம்) அவனிடம் பெயர் கேட்டார், உம்மா சொன்னார். என்ன வேலை செய்தாய் என்று கேட்டார். அதையும் உம்மாவே சொன்னார். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியிலும் இப்படித்தானாம். அதனால் ரிப்போர்ட்டில் ‘குணமடைந்துள்ளார்’ என்று எழுதியிருந்தது. வீட்டிலோ, சாப்பிட்ட கை காய முன்னமே தனக்கு இன்னும் சோறு தரவில்லை என்று சோற்றுக் கோப்பையைத் தூக்கி எறிகிறான்.

“உம்மா, அடுத்தமுறை டொக்டரிட்ட போகக்குள்ள வீட்டில இரிக்கிற மாதிரியே கூட்டிப் போங்க” என்றேன். உம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அப்பிடிக் கூட்டிப்போனா நாலு பேர் பாப்பாங்க மகள். நாளைக்கி ஆரு இவனுக்குப் பொண்ணு தருவா?”

தோடம்பழமும் கடிதமும்

மாங்கேணியில் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்கிறவர். வான் ஒன்று தட்டிவிட்டது. மூன்றாம் நாள் வான்காரர் வார்டுக்குத் தோடம்பழமும் ஒரு கடிதமும் கொண்டுவந்தார். ‘சமாதானமாகிவிட்டோம், மேற்கொண்டு முறைப்பாடு இல்லை’ என்று கடிதத்தில் இருந்தது. தேடி வந்து மன்னிப்புக் கேட்கிறவரின் முகத்தை முறிக்க எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வராது. பழத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தார். அன்று என்ன கிழமை என்றுகூட அவருக்குத் தெரியாது. மேடம் அதைத்தான் பிடித்துக்கொண்டார். புத்தி தெளியாத நேரம் வாங்கின கையெழுத்து செல்லாது என்று வாதாடலாம், வார்டுக் குறிப்புகளின் பிரதியை எடுத்து வாருங்கள் என்றார்.

ஆள் நடக்கிறார், சிரிக்கிறார், கணக்குப் பார்க்கிறார். மணம் பிடிக்கிறது மட்டும் போய்விட்டது. மீன் பழுதா இல்லையா என்று மனைவி மோந்து பார்த்துச் சொன்னால்தான் பெட்டியைக் கட்டுவார்.

“மீன் விக்கிறவனுக்கு மூக்குப் போறதும் கால் போறதும் ஒண்டுதான் தங்கச்சி. ஆனா கால் போனாத்தான் ஆக்கள் நம்புறாங்க.”

ஊருக்குச் சொன்ன புத்தி

இத்தனை பேருக்கும் புத்தி சொன்ன நான் என்ன செய்தேன் தெரியுமா? நான் கொன்வென்ட்டில் படித்தவள். மடிப்புக் குலையாமல் உடுத்தவும், கேட்ட கேள்விக்கு எழும்பி நின்று முழு வசனத்தில் பதில் சொல்லவும் சிஸ்டர்மார் பழக்கினார்கள். அதை அப்படியே என் கணவரின் தலையில் இறக்கினேன். டொக்டர் பார்க்கும் நாளில் ஷேவ் எடுத்துவிட்டேன், தலை சீவிவிட்டேன். பஸ்ஸில் போகும்போது அன்றைய திகதியை அவருக்குப் பாடமாக்கிவிட்டேன். அவர் தடுமாறின இடத்தில் எல்லாம் நானே முந்திக்கொண்டு பதில் சொன்னேன். அவரை யாரும் ஒரு மாதிரிப் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம்.

‘அன்றாட வேலைகளைத் தானாகச் செய்யக்கூடியவர்’ என்று ரிப்போர்ட் வந்தது. மேடம் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“பிள்ள, டொக்டருக்கு முன்னால நீ எங்கட பக்கமா இருந்தனீ, டிப்பர்காரன்ட பக்கமா?”

பாண்

அந்த வாரமே நடந்தது இது. நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். கடையில் ஒரு பேக்கரிப் பாண் வாங்கி வாங்க என்று கணவரிடம் சொன்னேன். மகளையும் கையில் பிடித்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது கையில் பாண் மட்டும்தான் இருந்தது. கடைக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையில் வாவிக்கரை வீதி. ஒரு பக்கம் பஸ் ஓடும், மற்றப் பக்கம் தண்ணி. நான் செருப்பில்லாமல் ஓடினேன். மகளுக்கு மூன்று வயதும் ஆகவில்லை. கடைக்காரர் அவளை மேசையில் இருத்தி பிஸ்கட் கொடுத்து வைத்திருந்தார்.

வீட்டுக்கு வந்து, பிள்ளை எங்கே என்று உங்களுக்கு யோசனையே வரவில்லையா என்று கேட்டேன். என் கணவர் பாணைத் தூக்கிக் காட்டினார்.

“பாண்தானே வாங்கச் சொன்னாய். வாங்கிட்டன்தானே.”

பட்டன் மாறின நாள்

விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் நட்டஈட்டு வழக்கைப் போட்டுவிட வேண்டும். எங்களுக்கு மிச்சம் இருந்தது ஐந்து வாரம். பழைய ரிப்போர்ட்டோடு போனால், இவரைப் பார்க்க ஒரு ஆளை வைக்கக் காசு வேண்டும் என்று கேட்க வாயே திறக்க முடியாது. இப்போது பகலில் இவரையும் மகளையும் பார்ப்பது என் தங்கச்சி; அவள் கட்டாருக்குப் போக விசா வந்துவிட்டது. மேடம் ஒரு கொப்பியைத் தந்து, நடந்ததை நடந்தபடி எழுது, திரும்பவும் டொக்டரிடம் காட்டு என்றார். பாண் வாங்கின கதையை எழுத எனக்கு மூன்று நாள் சென்றது. அவர் அந்தக் கொப்பியை எடுத்து வாசித்துவிடுவாரோ என்ற பயம் இன்னும் போகவில்லை.

இந்த முறை சேர்ட் பட்டனை மாறிப் பூட்டிக்கொண்டு வந்தார். நான் திருத்தவில்லை, அப்படியே கூட்டிப் போனேன். கொப்பியை வாசித்து முடித்த டொக்டர், “காலையில் என்ன சாப்பிட்டீங்க?” என்று அவரைக் கேட்டார். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். டொக்டர் காத்திருந்தார், பிறகு பேனையை எடுத்து எழுதத் தொடங்கினார். ஒரு பக்கம் நிறைந்து அடுத்த பக்கமும் போனது. எழுதி முடியும்வரை மரியாதையாக இருந்த என் கணவர், மெதுவாகச் சொன்னார்:

“அதெல்லாம் இவதான் சொல்லுறவ டொக்டர். இண்டைக்கு என்னில என்ன கோபமோ தெரியா.”

ஆகவே, என்னைப்போலவே, தலை அடிபட்ட ஒருவரை வீட்டில் வைத்திருக்கிறவர்களே, மற்ற எல்லா நாளும் நல்ல பெண்சாதியாக இருங்கள், டொக்டரிடம் போகிற அந்த ஒரு நாளைத் தவிர.