தளபதியின் படத்துக்கு ஒரு சாமந்தி

மாரண்டஹள்ளி பஸ் நிறுத்தம். ஓசூர் பஸ் இன்னும் வரவில்லை. படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அதன் அட்டையில், உலகப்போர்க் காலத்து ஜெர்மானிய விமானப்படைத் தளபதி ஒருவர் மார்பு நிறையப் பதக்கங்களோடு நிற்கிறார். எதிர்ச் சுவரில், எல்லையில் இறந்துபோன பக்கத்து ஊர்ப் பையனுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர். அவனும் சீருடையில்தான் இருக்கிறான்.

பக்கத்தில் பூ விற்கும் அக்கா அட்டையைப் பார்க்கிறார். கூடையிலிருந்து ஒரு சாமந்தியை எடுத்து அதன்மேல் வைக்கிறார்.

"பாவம், எந்தச் சண்டையில போனாருங்க? எம் பையனும் மிலிட்டரிலதாங்க இருக்கான்."

இங்கே சீருடைப் படம் பெரிதாக வெளியே வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"இவர் சண்டையில சாகலைங்க. பிளேன் அனுப்பி ஊர் ஊரா குண்டு போட வச்சவர். ஊர் எரிய எரிய இவருக்குப் பதவி ஏறிக்கிட்டே போச்சு. தோத்த பிறகும் வயசாகி வீட்லதான் செத்தார்."

அக்கா பூவை எடுத்துக்கொள்கிறார். ஆனால் கூடையில் போடவில்லை.

"அந்த ஊருங்கள்ல செத்தவங்க படம் இருக்குதுங்களா?"

புரட்டுகிறேன். விமானத்தருகே அவர், விருந்தில் அவர், கைகுலுக்கியபடி அவர். செத்தவர்களின் முகம் ஒன்றுகூட இல்லை. எரிந்த நகரம் ஒன்றை வானத்திலிருந்து எடுத்த படம் மட்டும் இருக்கிறது. அதை நீட்டுகிறேன்.

"இதெல்லாம் வூடுங்களா?"

"ஆமாங்க."

அக்கா பூவை அதன்மேல் வைக்கிறார். அந்த ஒற்றைச் சாமந்தி நாலைந்து தெருக்களை மூடிவிடுகிறது.