சைனிக்புரியிலிருந்து பஷீர்பாக் வரை: நான் கையெழுத்துப் போடாத கால் இறுதி

முதலில் ஒன்றைச் சரிசெய்துவிடுகிறேன். சென்ற குளிர்காலத்துக் கோப்பை ஆட்டத்தில் ஜெயித்தது சென்னை அணி என்பதால்தான் நான் புகார் மனுவில் கையெழுத்துப் போடவில்லை என்று இங்குள்ள தமிழர்களே பேசுகிறார்கள். நான் பிறந்தது செகந்திராபாத்தில். சென்னையில் சேர்ந்தாற்போல் ஒரு மாதம் இருந்ததில்லை. அந்த ஊர் வெயில் எனக்கு ஆகாது. நான் ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தது ஹைதராபாத் அணி. இன்னொன்று, மறைந்த கணவரின் நினைவாக மைதானத்துக்குப் போகிறேன் என்றும் உருகுகிறார்கள். அவருக்குக் கால்பந்தே பிடிக்காது. எனக்குத் துணையாக வந்து, வேர்க்கடலையைத் தின்றுவிட்டு, இரண்டாம் பாதியில் தூங்குவார். ஆட்டம் பார்த்தவள் நான்.

மாதாப்பூர், கொண்டாப்பூர் பக்கம் ஐடி வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் சிலர், இந்த ஊரில் கால்பந்து பார்க்க எப்படிப் போவது என்று கேட்டிருந்தார்கள். நாக்-அவுட் கோப்பையின் கால் இறுதிக்கு நான் போன வழியையே சொல்கிறேன்.

ஆட்டம் மூன்று மணிக்கு. நான் பன்னிரண்டரைக்கே கிளம்பினேன். சைனிக்புரியிலிருந்து செகந்திராபாத் ஸ்டேஷன் சுமார் ஒன்பது கிலோமீட்டர். பஸ் டிக்கெட் ஏழு ரூபாய். ஸ்டேஷன் எதிரில் பஸ் மாற வேண்டும். அங்கே தாமோதரன் காத்திருந்தார். அல்வாலில் வீடு, ராணுவப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆற்காட்டுப் பக்கத்துத் தமிழும் இந்த ஊர் உருதுவும் கலந்து பேசுவார். மைதானத்தில் அறிமுகமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

டேங்க் பண்ட் என்னும் ஏரிக்கரைச் சாலை வழியாக பஷீர்பாக் ஸ்டேடியத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறுங்கள். ஏரிப் பக்கம் ஜன்னல் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஸ்டேடியத்துக்கு இரண்டு டிக்கெட் என்றதும் கண்டக்டர் எங்கள் நரைத்த தலைகளைப் பார்த்தார்.

"ஆஜ் கிரிக்கெட் நை ஹை, அம்மா." இன்று கிரிக்கெட் இல்லையே என்கிறார்.

"ஹவ், மாலூம். ஃபுட்பால் ஹை," தெரியும், இன்று கால்பந்து என்றேன்.

"ஃபுட்பால்? கைக்கு?"

எதற்கு என்று கேட்கிறார்! என் பள்ளி நாட்களில் இதே ஊரில் கால்பந்து ஆட்டத்துக்கு மரத்தின் மேல் ஏறி இடம் பிடிப்பார்கள். எங்கள் கான்வென்ட்டின் மாடி வராந்தாவிலிருந்து பரேடு மைதானத்து ஆட்டம் தெரியும். விளையாட்டு ஆசிரியையாக இருந்த சிஸ்டர் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே எங்களுக்கு விதிகளைச் சொல்லிக்கொடுப்பார். பந்து முழுவதும் கோட்டை முழுவதுமாகக் கடந்தால்தான் கோல். நூலளவு பந்து கோட்டின் மேல் இருந்தாலும் கோல் இல்லை. "ஆசைப்படுவதை அல்ல, கண்ணில் படுவதைச் சொல்," என்பார்.

கேலரி டிக்கெட் இருபது ரூபாய். உள்ளே முந்நூறு பேர் இருந்தால் அதிகம். எங்கள் வரிசைக்கு ஒரு வழக்கம் உண்டு. கோல் கோட்டுக்கு நேர் எதிரே இருக்கும் இடத்தில் ஒருவர் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார். ரெஃப்ரி எதை வேண்டுமானாலும் ஊதட்டும், எங்களுக்குள் அவர் சொல்தான் கடைசி. கோலா இல்லையா என்று பந்தயம் கட்டித் தோற்றவர் வெளியே இரானி ஓட்டலில் எல்லோருக்கும் டீ வாங்கித்தர வேண்டும். அந்த இடத்தை எனக்குக் கொடுத்தவர் தாமோதரன். "அக்கா உக்காரட்டும். அவங்களுக்குப் பொய் சொல்லவே வராது, சண்டைதான் வரும்," என்று சொல்லித்தான் கொடுத்தார்.

அன்று எங்கள் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. தோற்றால் கோப்பையிலிருந்து வெளியே, அதோடு போகாது. அணியை நடத்திய நிறுவனம் இந்த சீசனோடு அதைக் கலைத்துவிடப் போகிறது என்ற பேச்சு நவம்பரிலேயே வந்துவிட்டது. அரையிறுதி வரை போனால் மனம் மாறலாம் என்று எல்லோரும் நம்பினோம். கடைசி நிமிடங்களில் எங்கள் அணிப் பையன் ஒருவன் தலையால் முட்டிய பந்து மேல் கம்பத்தின் அடியில் பட்டு நேரே கீழே விழுந்தது. கோல்கீப்பர் வாரி எடுத்துவிட்டான். ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தவில்லை. கேலரி முழுக்க எழுந்து கத்தியது. தாமோதரன் என் பக்கம் திரும்பினார்.

"கோல்தானே அக்கா?"

"இல்லை. கோட்டு மேலேயே விழுந்தது."

அவர் அதற்குப் பிறகு ஆட்டத்தைப் பார்க்கவில்லை. தோற்றோம்.

இரானி ஓட்டலில் டீ வரும் முன்பே ஒரு தாள் வந்தது. பந்து கோட்டைக் கடந்ததை நேரில் பார்த்தோம், ஆட்டத்தை மறுபடி நடத்த வேண்டும் என்று மனு. முப்பது பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் உட்கார்ந்திருந்தது மைதானத்தின் மறு கோடியில். தாமோதரன் பேனாவை என் பக்கம் நீட்டினார்.

"முதல்ல உங்க பேருதான் இருக்கணும்னு மேல எடம் விட்டு வெச்சிருக்கேன்."

"ரெஃப்ரி பார்த்ததுதான் முடிவு, தாமோதரன். விதியிலேயே இருக்கு. நூறு கையெழுத்து போட்டாலும் தள்ளிடுவாங்க."

"அப்ப போடறதுல என்னா நஷ்டம்?"

"நான் பார்க்காததைப் பார்த்தேன்னு எழுதச் சொல்றீங்க."

"நக்கோ அக்கா, வேணாம், ஸ்கூல் நடத்தாதீங்க. இந்த டீம் போச்சுன்னா நமக்கு என்னா இருக்குது இந்த ஊர்ல? சொல்லுங்க. டி.வி. முன்னாடி உக்காந்து வெள்ளைக்காரன் ஆட்டத்தைப் பாக்கறதா?"

நான் பேனாவை வாங்கவில்லை. அப்போது பின்னாலிருந்து யாரோ, "மெட்ராஸ்காரங்க, வேற என்ன செய்வாங்க," என்றார். தாமோதரனும் என்னைப் போலத் தமிழர்தான். அவர் அந்த ஆளை மறுத்து ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எப்போதும் செகந்திராபாத் வரை ஒன்றாகத்தான் திரும்புவோம். அன்று என்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, "நீங்க போங்கக்கா, நான் அடுத்த பஸ்ல வரேன்," என்றார். பஸ் பாதி காலியாக இருந்தது.

மனு தள்ளுபடியானது. இரண்டு மாதத்தில் அணியும் கலைந்தது. ஆட்டக்காரர்களை நிறுவனத்திலேயே மேசை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்வி. அரையிறுதிக்கும் இறுதிக்கும் நான் அதே வழியில் போய் வந்தேன். தாமோதரன் வரவில்லை. இரண்டும் அருமையான ஆட்டங்கள். ஆனால் ஒரு நல்ல பாஸைப் பார்த்ததும் பக்கத்தில் திரும்பிச் சொல்ல ஆள் இல்லாதது, கணவர் தூங்கிக்கொண்டிருந்த நாட்களில்கூட எனக்கு நேர்ந்ததில்லை. இப்போதும் அந்தத் தாளை நீட்டினால் கையெழுத்துப் போடமாட்டேன். அதனால் எனக்கு ஆள் வேண்டாம் என்று ஆகிவிடாது.

போக நினைப்பவர்களுக்கு: மாதாப்பூரிலிருந்து வந்தால் இரண்டு மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள், மேம்பால வேலைகள் இன்னும் முடியவில்லை. குடையை உள்ளே விடமாட்டார்கள், தொப்பி கொண்டுபோங்கள். பெண்களுக்குக் கழிப்பறை ஒன்றுதான், இடைவேளைக்கு முன்பே போய்விடுவது நல்லது. உட்காரும் படியில் போட ஒரு பழைய செய்தித்தாள் அவசியம்.

தாமோதரன், உங்கள் மகள் இந்த இணையப் பக்கத்தை உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள் என்று எனக்குத் தெரியும். அடுத்த மாதம் உள்ளூர் லீக் ஆரம்பிக்கிறது. பந்து கோட்டைக் கடந்ததா என்பதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை. நான் அதைக் கேட்கவும் இல்லை. ஆட்டத்துக்கு வருவீர்களா, மாட்டீர்களா? போனில் பேசினால் இரண்டு பேரும் கோபப்படுவோம். தயவுசெய்து எழுத்தில் பதில் அனுப்புங்கள்.